அத்தான் குத்திய பேனா

1

ஊரில் யாராவது உங்களிடம், செல்லத்துரை ஷார்ஜாவில் சொந்தமாக ஓட்டல் நடத்துகிறான் என்று சொன்னால் நம்ப வேண்டாம். அது ஓட்டல் இல்லை, கஃபேட்டீரியா. சொந்தம் இல்லை, பங்கு. அந்தப் பங்கும் கல்லாவில் உட்காருகிற பங்கு இல்லை. அடுப்புக்கு முன்னால் வியர்த்து ஒழுகிக்கொண்டு பரோட்டா வீசுகிற பங்கு. ஒரு பக்கம் டயர்க் கடை, மறுபக்கம் சலூன். காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறதோ அதைப் பொறுத்து என் பரோட்டாவில் ரப்பர் வாசம் இருக்கும், அல்லது முடி இருக்கும்.

நாள் பூராவும் மைதாவைத் தட்டி ஊருக்கெல்லாம் சர்க்கரை ஏற்றுகிற எனக்கும் சர்க்கரை. மாத்திரையில் ஆரம்பித்தது, இப்போது சாப்பாட்டுக்கு முன்னால் இன்சுலினில் நிற்கிறது. காலை வியாபாரம் தொடங்குவதற்கு முன்பு மாவு மூட்டைக்குப் பின்னால் போய் பனியனைத் தூக்குவேன். அந்தக் காட்சியை நான் ஒருவன் மட்டும் பார்ப்பது உங்கள் அதிர்ஷ்டம். ஒரே இடத்தில் குத்திக் குத்தித் தொப்புளைச் சுற்றிக் கட்டி கட்டியாக இருக்கிறது, சரியாகப் பிசையாத மாவு மாதிரி. இடத்தை மாற்றி மாற்றிக் குத்து என்றுதான் சொல்லிக்கொடுத்தார்கள். கை பழகின இடத்துக்கே போகிறது. கழுதை மாதிரி.

போன வாரம் ஒரு நாள் காலையில் அப்படிப் பனியனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது, தென்காசியிலிருந்து முத்தம்மா அக்கா வீடியோவில் கூப்பிட்டாள். எடுத்தேன். திரையில் அவள் நெற்றி மட்டும் தெரிந்தது.

"ஏலே தொர, அத்தான் பேனாவுல மருந்து வர மாட்டேங்கு. அமுக்குனா டக்கு டக்குன்னு சத்தம் மட்டும் கேக்கு. என்னன்னு பாரு."

பின்னாலிருந்து அத்தானின் குரல் கேட்டது. "நான் கேக்கச் சொன்னேன்னு சொல்லாத. நீயா கேளு."

"அவரு கேக்கச் சொல்லலையாம்லே. நானாத்தான் கேக்கேனாம்."

"சரிக்கா. நீயாத்தான் கேக்கன்னு அவருகிட்ட சொல்லிரு."

அத்தான் என்றால் அக்காவின் கணவர். போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வுபெற்றவர். உடம்பு மட்டும்தான் ஓய்வுபெற்றது, குரல் இன்னும் டூட்டியில் இருக்கிறது. போன வருஷம் குற்றாலச் சீசனுக்குப் பிறகு அவர் என்னோடு பேசுவதில்லை. அது எனக்கு ஒரு சுகம்தான், காது குளிர்ந்து கிடந்தது. ஆனால் அக்காவும் பேசக் கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டார். அவர் டீக்கடைக்குப் போகிற நேரம் பார்த்து, அடுக்களையில் மிக்ஸியை ஓடவிட்டுக்கொண்டுதான் அக்கா கூப்பிடுவாள், அடுத்த வீட்டுக்காரர்கள் போட்டுக்கொடுத்துவிடக் கூடாது என்பதற்காக. அவள் சொல்வதில் பாதி தேங்காயோடு சேர்ந்து அரைந்துபோகும். அம்மாவும் அப்பாவும் போன பிறகு ஊரில் எனக்கென்று இருப்பது அவள் ஒருத்திதான். ஒரு வருஷமாக அவளைச் சட்னியாகத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இன்றைக்கு மிக்ஸி ஓடவில்லை. அவர் வீட்டில் இருக்கும்போதே கூப்பிட்டிருக்கிறாள். அந்தச் சவத்துப் பேனாவைச் சரிசெய்துகொடுத்தால் இனிமேலும் இப்படியே பேசலாம். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

"கட ஓயட்டும்க்கா. மத்தியானம் கூப்பிடுதேன்" என்றேன்.

2

அந்தப் பேனா என்னுடையது. இங்கே எனக்குக் கொடுத்தது. அது எப்படித் தென்காசிக்குப் போய் அத்தான் சட்டைப் பையில் உட்கார்ந்தது என்பதைச் சொன்னால்தான் மிச்சம் புரியும்.

முதலில் நான் பாட்டில் மருந்தை சிரிஞ்சில் உறிஞ்சிக் குத்திக்கொண்டிருந்தேன். என் கை எப்போதும் எண்ணெய்க் கை. சிரிஞ்சு வழுக்கும். ஒரு நாள் பாட்டில் கைதவறி சால்னாவில் விழுந்தது. உடையவில்லை. ஆனால் சால்னாவைக் கொட்ட வேண்டியதாகிவிட்டது. என் பங்குதாரர், கொட்டுவது சால்னாவையா உன்னையா என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் எகிப்துக்காரர், நர்ஸ் கோட்டயத்துக்காரி, நான் தென்காசிப் பக்கத்து வடகரைக்காரன். மூன்று பேரும் பேசிக்கொண்டது ஆங்கிலம் என்று நாங்கள் மூன்று பேரும் நம்பினோம். ஒரு நாளைக்கு எவ்வளவு போடுகிறாய் என்று டாக்டர் கேட்டார். பரோட்டாவைக் கேட்கிறார் என்று நினைத்து, ஐந்நூறு போடுவேன், வெள்ளிக்கிழமை இன்னும் கூட ஆகும் என்றேன். அவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். ஐந்தாம் வகுப்பை முடிக்காதவன் வெளிநாட்டில் வைத்தியம் பார்த்தால் இப்படித்தான்.

அப்புறம் இன்சூரன்ஸ். பேனாவுக்கு அனுமதி வந்தது. பேனாவுக்குள் போடுகிற மருந்துக் குப்பிக்கும் வந்தது. பேனா முனையில் மாட்டுகிற ஊசிக்கு மட்டும் வரவில்லை. கவுண்டரில் இருந்தவனிடம், ஊசி இல்லாமல் பேனாவை வைத்து என்ன செய்ய, தொப்பையில் கையெழுத்தா போட என்று கேட்டேன். எனக்குத் தெரிந்த இந்தியில் கேட்டதால் அவன் ஏதோ நன்றி சொல்கிறேன் என்று நினைத்துத் தலையாட்டினான்.

உங்களில் இதைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். எழுதுகிற பேனா மாதிரிதான், கொஞ்சம் தடிமன். நடுவில் திருகிக் கழற்றினால் உள்ளே கண்ணாடிக் குப்பியைப் போடலாம். குப்பி காலியானால் குப்பியை மட்டும்தான் மாற்ற வேண்டும், பேனா வருஷக்கணக்கில் ஓடும். பின்பக்கம் ஒரு திருகு இருக்கிறது. வேண்டிய அளவுக்குத் திருகி, குத்தி, அமுக்கினால் உள்ளே இருக்கிற கம்பி குப்பியின் ரப்பர் அடியைத் தள்ளும். மருந்து இறங்கும்.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது என் மகள் நிவேதா. பேனாவோடு வந்த காகிதத்தை விரித்தால் கைலி அகலம் இருந்தது. ஆங்கிலத்திலும் அரபியிலும் இருந்ததை அவள் தண்ணீர் குடிக்கிற மாதிரி படித்தாள். அதே பிள்ளையிடம் என் அக்கா அனுப்பிய கல்யாணப் பத்திரிகையைக் கொடுத்தால் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நிற்பாள். தமிழ் அவளுக்குக் காதில் மட்டும் இருக்கிறது.

"அப்பா, ஃபர்ஸ்ட் டூ யூனிட் திருகு. ஊசிய மேல பாக்க வச்சு அமுக்கு. டிப்புல ஒரு டிராப் வரணும். வரலன்னா வர்ற வரைக்கும் பண்ணணும். அப்புறந்தான் ஒன் டோஸ். குத்திட்டு டென் எண்ணிட்டு எடு. ஊசியக் கழட்டிப் போடு. மாட்டியே வைக்காத."

நான் எதைக் கேட்டேன். துளியைப் பார்க்கிறது மருந்தை வீணாக்குகிற வேலை என்று விட்டேன். ஊசிக்கு அனுமதி இல்லையே என்று ஒரே ஊசியை நாள்கணக்கில் மாட்டியே வைத்தேன். ஊசி வழியாகக் காற்று உள்ளே போய்க் குப்பிக்குள் குமிழி குமிழியாக நின்றது. ஒழுகின மருந்து மூடிக்குள் வழிந்து, அதில் மைதா ஒட்டி, பசையாகிக் கிடந்தது. வாசம் வேறு. பினாயிலையும் பழைய பேண்டேஜையும் சேர்த்துக் கசக்கின மாதிரி ஒரு வாசம். அதை மோந்துகொண்டே குத்துவேன். ஒரு நாள் நிவேதா மூடியைத் திறந்து பார்த்தாள். அன்றைக்கு இரவு அவள் என் தட்டுப் பக்கத்தில் உட்காரவில்லை.

அவள் முகம் போன போக்கைப் பார்த்த பிறகுதான் ஊசியைச் சொந்தக் காசில் வாங்கி, மாற்றி மாற்றிப் போட ஆரம்பித்தேன்.

3

போன ஜூலையில் பள்ளி விடுமுறைக்கு நானும் நிவேதாவும் ஊருக்குப் போயிருந்தோம். அக்கா வீட்டில் பெட்டியை வைத்த அன்றைக்கே அத்தான் என் பேனாவைப் பார்த்துவிட்டார். அவருக்கும் சர்க்கரை. அவர் பாட்டிலும் சிரிஞ்சும்தான்.

"என்னலே இது, பாரின் பேனாவா. எழுதவே தெரியாத ஒனக்கு எதுக்குலே பேனா."

"இன்சுலின் அத்தான்."

"குடு பாப்போம்." வாங்கித் திருகிப் பார்த்தார். சத்தத்தை ரசித்தார். லத்தி பிடித்த கைக்கு ஏதோ பொருத்தமாக இருந்தது போல.

எல்லாரும் குற்றாலம் போனோம். ஐந்தருவிப் பக்கம் அறை எடுத்தது அத்தான்தான், தெரிந்த இடம் என்று. சாரல் ஊர் பூராவும் அடித்தது, அறைக்குள்ளும் அடித்தது. சுவர் வியர்த்தது. முன்னால் தங்கிவிட்டுப் போனவர்களின் ஈரத்துண்டு வாடை தலையணையில் இருந்தது. சீசனைப் பற்றி வெளிநாட்டில் உட்கார்ந்துகொண்டு உருகுகிறவர்கள் ஒரு முறை அருவிக்கரையில் செருப்பில்லாமல் நடக்க வேண்டும். ஷாம்பு உறை, சீயக்காய்ச் சக்கை, யாரோ அவிழ்த்துப்போட்ட ஜட்டி, அதன் மேல் எண்ணெய்த் தண்ணீர். நிவேதா விரல் நுனியில் நடந்தாள்.

மறுநாள் காலையில், இட்லி வாங்கி வைத்துவிட்டு, நான் எனக்குப் போட்டுக்கொண்டு ஊசியைக் கழற்றப் போனேன். அத்தான் கையை நீட்டினார்.

"குடுலே. நான் சிரிஞ்ச வீட்லயே வச்சிட்டு வந்துட்டேன்."

"அத்தான், அது வந்து..."

"என்ன வந்து. ஒனக்கும் சுகரு எனக்கும் சுகரு. ஒரே மருந்துதான."

"ஊசியாது மாத்துதேன்."

"எதுக்கு வேஸ்ட்டா. அப்பந்தான மாட்டுன." சட்டையைத் தூக்கினார். அவருடைய வழக்கமான அளவைத் திருகினார். குத்தினார். எடுத்ததும் கட்டை விரலால் முனையைத் துடைத்து என்னிடம் நீட்டினார். குத்தின இடத்தில் ஒரு பொட்டு ரத்தம். குப்பியைப் பார்த்தேன். உள்ளே மெல்லிசாக ஒரு சிவப்பு நூல் மிதந்தது. என் கண்ணுக்கு மட்டும் அப்படித் தெரிந்ததோ என்னவோ. பார்த்தது பார்த்ததுதான்.

நிவேதா ஆங்கிலத்தில் ஏதோ சொல்லிவிட்டு எழுந்து வெளியே போனாள்.

"என்னலே சொல்லுதா ஒம் மவ?"

"குளிருதாம் அத்தான்."

எனக்கு ஆறவே ஆறாத விஷயம் ஒன்று உண்டு. அந்த வீட்டில் டம்ளரில் வாய் வைத்துக் குடிக்க முடியாது. தூக்கித்தான் குடிக்க வேண்டும். நான் வருஷக்கணக்கில் வெளியூரில் வாய் வைத்துக் குடித்துப் பழகி, அத்தான் வீட்டுச் செம்பில் உதடு பட்டுவிட்டதென்று, என் கண் முன்னாலேயே அக்காவைக் கூப்பிட்டுப் புளி போட்டுத் தேய்க்கச் சொன்னவர் அவர். எச்சில் என்றால் அவருக்கு அவ்வளவு கூச்சம். ரத்தம் மட்டும் எச்சில் கணக்கில் வராது.

4

அதற்கப்புறம் அந்தக் குப்பியிலிருந்து நான் போட்டுக்கொள்ளவில்லை. புதுக் குப்பி தென்காசியில் அக்கா வீட்டு ஃபிரிட்ஜில் இருந்தது. பஸ் ஏறினால் வெற்றிலை போட்டு மெல்கிற நேரம். ஆனால் ஏன் போகிறாய் என்று கேட்பார். சொன்னால் அவர் ரத்தம் அசுத்தம் என்று சொன்னதாக ஆகும். புதுக் குப்பியை மாட்டினாலும் அதிலும் அவர்தான் கை வைப்பார். அக்கா வேறு ஒவ்வொரு தடவையும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதும் பேசிவிடாதே என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம். இவர் கோபத்துக்கு வட்டி கட்டுகிறவள் அவள்.

அதனால் எனக்குத் தெரிந்த ஒரே வித்தையைச் செய்தேன். நடித்தேன். குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, பேனாவைத் தொட்டிப் பக்கம் திருப்பி அமுக்கினேன்.

"போட்டாச்சாலே?"

"போட்டாச்சு அத்தான். ஜம்முன்னு இருக்கு."

"எனக்குந்தாம்லே. வலியே இல்ல. இத இங்கனயே விட்டுட்டுப் போயிரு, ஒனக்கு அங்கன வேற குடுப்பான்."

சாயங்காலம் அவர் உபயத்தில் கேரள எல்லைப் பக்கத்து பார்டர் கடைப் பரோட்டாவும் கோழியும். பரோட்டாக்காரனுக்குப் பரோட்டா வாங்கிக்கொடுக்கிற கொடுமை ஒரு பக்கம், மருந்தில்லாமல் அதைத் தின்றது இன்னொரு பக்கம். ராத்திரி பூராவும் தண்ணீர் குடித்தேன், விடிகிற வரை பாத்ரூம் நடந்தேன். காலையில் அருவியைப் பார்த்தால் இரண்டு அருவி தெரிந்தது.

அத்தான் அன்றைக்கும் என் பேனாவில் போட்டுக்கொண்டார். முதல் நாள் போட்டதும் இட்லி சாப்பிட்டார். இன்றைக்கு, குளித்துவிட்டு வந்து சாப்பிடலாம் என்று உத்தரவு. மெயின் அருவியில் தண்ணீர் முன்னால் கட்டியிருக்கிற ஆர்ச்சைத் தாண்டி விழுகிறதென்று போலீஸ் கயிறு கட்டி நிறுத்திவிட்டது. வரிசை நகரவில்லை. அத்தான் முன்னால் போய், நான் டிபார்ட்மெண்டு என்று சொல்லிப் பார்த்தார். அந்தச் சின்ன வயதுக் கான்ஸ்டபிள், அண்ணாச்சி லைன்ல நில்லுங்க என்று சொல்லிவிட்டான். திரும்பி வந்தவர் முகம் வெளுத்திருந்தது. அவமானம் என்று நினைத்தேன். அப்புறம் பார்த்தால் சாரலுக்கு நடுவில் அவருக்கு வியர்த்துக் கொட்டுகிறது. கை நடுங்குகிறது. என்னைப் பார்த்து, நீ எந்த ஸ்டேஷன்லே என்று கேட்டார்.

அப்படியே என் தோளில் சரிந்தார். எண்ணெய் தேய்த்த உடம்பு, பிடிக்கப் பிடிக்க நழுவியது. நிவேதாதான் எனக்கு முன்னால் சுதாரித்தாள். பக்கத்து டீக்கடைக்கு ஓடி, சீனி டப்பாவையே தூக்கிக்கொண்டு வந்தாள். தண்ணீரில் கரைத்து அவர் வாயில் ஊற்றினோம். பாதி என் மேல் வழிந்தது. அவர் எச்சில், சீனி, நல்லெண்ணெய் எல்லாம் என் மார்பில்.

ஆட்டோவில் போட்டு ஒரு கிளினிக்குக்குக் கொண்டுபோனோம். டாக்டரம்மா அவர் விரலைக் குத்திப் பார்த்தார். சீனி கொடுத்த பிறகும் குறைவாகத்தான் இருந்தது. என்ன மருந்து என்று கேட்டார். பேனாவை எடுத்து நீட்டினேன். அத்தான் வழக்கமாகப் போடுகிற மருந்தின் பெயரை அக்கா சொன்னாள். குப்பியின் பெயரைப் படித்துவிட்டு அவர் சொன்னது இதுதான்: அத்தான் வழக்கமாகப் போடுவது மெதுவாக வேலை செய்கிற கலப்பு மருந்து. இது போட்டதும் பிடித்து இழுக்கிற மருந்து. அதை அதே அளவுக்குப் போட்டுவிட்டு வெறும் வயிற்றோடு அருவிக்கரையில் நின்றால் இப்படித்தான் ஆகும். கூட ரெண்டு நிமிஷம் தாமதித்திருந்தால் என்று சொல்லி நிறுத்தினார்.

"பேனா யாரோடது?"

"என்னுது டாக்டர்."

என் முகத்தைப் பார்த்து, என் விரலையும் குத்தினார். கருவியில் எண் வரவில்லை. அளக்க முடியாத அளவுக்கு மேலே என்று ஆங்கிலத்தில் ஏதோ வந்தது. நிவேதா படித்துவிட்டு அழுதாள்.

அத்தான் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தார். தெளிந்துவிட்டார். ஏட்டுக்கு மூளை வேலை செய்ய ஆரம்பித்தது.

"ஏலே, நீயும் அதுலதான போட்ட. எனக்குக் கொறஞ்சுது. ஒனக்கு எப்படில ஏறிச்சு?"

ஒரு ஜோக் அடித்திருக்கலாம். நாக்கு வறண்டு அட்டை மாதிரி ஒட்டியிருந்தது, ஜோக் புரளவில்லை.

"நான் போடல அத்தான்."

"ஏன்?"

"நீங்க குத்துன பேனா. எனக்கு அருவருப்பா இருந்திச்சு."

அவர் கையை நீட்டி மேசையிலிருந்த பேனாவை எடுத்தார். துடைத்தார். சட்டைப் பையில் மாட்டினார்.

"அப்பம் நீ இதத் தொட வேண்டாம். எனக்கே இருக்கட்டும். அருவருப்புப் பிடிச்சவன்கூட இவளுக்கும் பேச்சு கெடையாது" என்றார். அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அன்றைக்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வடகரையில் என் வீட்டுக்காரி பிறந்த வீட்டுக்குப் போய்விட்டோம். அதே கம்பெனியின் கலப்பு மருந்துக் குப்பி அந்தப் பேனாவில் சேரும் என்று டாக்டரம்மா எழுதிக்கொடுத்தாராம். அத்தான் பேனாக்காரர் ஆகிவிட்டார்.

5

மத்தியானம் கடை ஓய்ந்தது. கையைக் கழுவிக்கொண்டு கூப்பிட்டேன். அக்கா ஃபோனை மூடி போட்ட சம்படத்தில் சாய்த்து வைத்தாள். அத்தானின் தொப்பையும் கையும் பேனாவும் தெரிந்தன. தலை தெரியவில்லை. தலையில்லாத மனிதரோடு பேசுவது எனக்கும் சௌகரியம்.

"அக்கா, மூடியக் கழத்தச் சொல்லு."

"மூடியக் கழத்துவீங்களாம்."

கழற்றினார். முனையில் ஊசி மாட்டியே இருந்தது. முனை வளைந்து, உலர்ந்த மருந்து உப்பு மாதிரி அப்பிக்கிடந்தது. நான் ஒரு காலத்தில் வைத்திருந்த அதே லட்சணம்.

"அந்த ஊசி எப்பம் மாட்டுனதுன்னு கேளு."

"எப்பம் மாட்டுனீங்களாம்."

"மாட்டுனதுதான். எதுக்குப் புதுசு, நல்லாத்தான இருக்கு. ஊசி என்ன சும்மாவா வருது, கேளு அவன்ட்ட."

"ஊசி சும்மாவா வருதுன்னு கேக்காரு."

"அடைச்சிருக்கும்க்கா. புதுசு மாட்டச் சொல்லு."

ஃபிரிட்ஜுக்கு மேலிருந்து ஒரு பெட்டி ஊசி வந்தது. பாதிக்கு மேல் தொடாமல் இருந்தது, சேமித்து வைத்திருக்கிறார். ஒன்றை மாட்டினார். பெரிய மூடியைக் கழற்றி, அமுக்கினார். ஒன்றும் வரவில்லை.

"வரலையாம்லே."

"அக்கா, உள்ள சின்னதா இன்னொரு மூடி இருக்கும். அதக் கழத்தியாச்சா?"

"அவசரத்துல மறந்துட்டேன்னு அவன்ட்ட சொல்லு" என்றது தொப்பை. பிறகு இரண்டு விரல் வந்து சின்ன மூடியை உருவிக் கீழே போட்டது. அக்கா சிரிப்பை முந்தானையில் அமுக்கினாள்.

"இப்பம் மேல பாக்க வச்சு, ரெண்டுல திருகி அமுக்கச் சொல்லு."

டக் டக். துளி இல்லை. குப்பியைக் கேமராப் பக்கம் காட்டச் சொன்னேன். உள்ளே ஒரு பெரிய காற்றுக் குமிழி, கோலிக்குண்டு மாதிரி. புதுக் குப்பி எப்போது போட்டது என்று கேட்டேன். முந்தாநாள் என்று வந்தது. போட்டதும் துளி வருகிற வரை அமுக்கிப் பார்க்கவில்லை. கம்பிக்கும் ரப்பருக்கும் நடுவே இடைவெளி இருந்திருக்கும். முந்தாநாளிலிருந்து அவர் குத்தியதெல்லாம் வெறும் சத்தம்.

"நகத்தால சுண்டச் சொல்லு. குமிழி மேல வரட்டும். வந்ததும் அமுக்கணும். வரலன்னா திருப்பித் திருப்பி. கம்பி போயி ரப்பர்ல முட்டுற வரைக்கும்."

சுண்டினார். அமுக்கினார். திருகினார். அமுக்கினார். நான் என் கடை மேசையில் கையை ஊன்றிக்கொண்டு, கால்பந்து பார்க்கிறவன் மாதிரி குனிந்திருந்தேன். ஊசி முனையில் ஏதோ மின்னியது. துளி தடித்து, உருண்டு, இறங்கியது.

"வந்துட்டுலே மாப்ளே" என்றார் அத்தான்.

என்னிடம். நேரடியாக. சொன்ன பிறகுதான் அவருக்கே தெரிந்தது. குனிந்தார். திரையில் அவர் தலையும் வந்தது. மீசை வெளுத்திருந்தது.

"வந்துட்டு அத்தான்" என்றேன். மேசையில் ஊன்றின கையை எடுத்து இடுப்புத் துண்டில் துடைத்துக்கொண்டேன்.

அவர் தன் அளவைத் திருகி, குத்தி, நான் சொன்னபடி பத்து எண்ணி எடுத்தார். பிறகு ஊசியைக் கழற்றி வேறு ஊசி மாட்டிக்கொண்டே, "ஏட்டி, இங்கன வா. நீயும் காலைல இருந்து போடல" என்றார்.

அக்கா முந்தானையை ஒதுக்கிக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, ஒனக்கு என்ன?"

"எனக்குந்தாம்லே சுகரு. தை மாசம் பாத்தாவ."

"சொல்லவே இல்ல?"

"மிக்ஸிக்குள்ள எதச் சொல்ல."

"அதே பேனாவுலயா போடுத?"

அத்தான் முந்திக்கொண்டார். சமாதானக் குரல். "ஊசிய மாத்திருதேன் மாப்ளே. அன்னைக்கி மாதிரி இல்ல. நீ சொன்னத மனசுல வச்சிருக்கேன்லா. டெய்லி போட்டுவிடுதது நாந்தான், அவளுக்குப் பேனாவுல போடத் தெரியாது." பெருமையாகத்தான் சொன்னார். தனக்குப் பழைய ஊசியையே திரும்பத் திரும்ப மாட்டிக்கொள்கிறவர், மனைவிக்கு மட்டும் புதுசு மாட்டுகிறார். அதுவும் சேமித்து வைத்த ஊசியை.

பேனா அக்காவின் வயிற்றுப் பக்கம் போனது. அந்தப் பேனாவை இப்போதுதான் நான் ரிப்பேர் செய்து கொடுத்தேன். வாயை மூடிக்கொண்டு இருந்தால் நாளைக்கும் அக்கா மிக்ஸி இல்லாமல் பேசுவாள். திறந்தால், இந்த வீடியோ இந்த நிமிஷமே இருட்டாகும்.

"அத்தான், நிறுத்துங்க. அவளுக்கு அதுல போடாதீங்க."

கை நின்றது.

"ஊசிய மாத்துனாப் போதாது அத்தான். குத்தும்போது ரத்தம் அந்தக் குப்பிக்குள்ள ஏறும். கண்ணுக்குத் தெரியாது. ஒங்களுது அவளுக்குப் போவும், அவளுது ஒங்களுக்கு வரும். சால்னாச் சட்டியில எச்சிக் கரண்டிய விட்டுட்டு, அப்புறம் கரண்டிய மட்டும் மாத்துனா சட்டி சுத்தமாயிருமா. ஆளுக்கொரு பேனா வேணும். இல்லன்னா அவ சிரிஞ்சுலயே போடட்டும்."

அத்தானின் மீசை துடித்தது. "இன்னும் அருவருப்பு தீரலையாலே ஒனக்கு. புருசன் பொண்டாட்டிக்குள்ள என்னலே எச்சி. எங்களுக்கு இல்லாத கூச்சம், அங்கன ஒக்காந்திருக்க ஒனக்கு எங்கலே வருது." கை ஃபோனை நோக்கி வந்தது.

"எனக்கு இருக்கு" என்றாள் அக்கா.

அவர் கை பாதியில் நின்றது. எனக்கும் அவள் யாருடைய வார்த்தையைச் சொல்கிறாள் என்று முதலில் விளங்கவில்லை.

"எனக்கு இருக்குங்கேன். ஒவ்வொரு நாளும் நீங்க குத்திட்டு எனக்குக் குத்தும்போது கொடலப் பெரட்டிக்கிட்டு வருது. கண்ண இறுக்க மூடிக்கிடுதேன். இவனாவது அன்னைக்கி வாயத் தொறந்து சொன்னான். நான் யாருகிட்டப் போயிச் சொல்ல." முந்தானையை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டாள். "ஆஸ்பத்திரில எனக்குன்னு குடுத்த பாட்டிலும் சிரிஞ்சும் கெடக்கு. நான் அதுல போட்டுக்கிடுதேன். நீங்க ஒங்க பேனாவ வச்சிக்கிடுங்க."

எழுந்து போனாள். அடுக்களையில் பாத்திரம் உருள்கிற சத்தம் கேட்டது. ஃபிரிட்ஜ் கதவு திறந்தது, மூடியது, மறுபடி திறந்தது. எதையோ தேடுகிறாள்.

அத்தான் பேனாவைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். அடுக்களைப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். தொண்டையைச் செருமினார். அவள் திரும்பவில்லை. கடைசியில் ஃபோனைப் பார்த்துக் குனிந்து, மெதுவாகச் சொன்னார்.

"மாப்ளே, சிரிஞ்சு முட்டத் தட்டுக்குக் கீழ இருக்குன்னு ஒங்க அக்காகிட்ட சொல்லு."